பின்னால் ஆள் நிற்கும் லோரி

அன்பு மகன் சேகரனுக்கு,

உன் கடிதம் வந்தது. ஈப்போவில் வெயில் அதிகம், கடை முதலாளி நல்லவர், சாப்பாட்டுக்குக் குறையில்லை என்று ஒரு பக்கம் முழுக்க எழுதிவிட்டு, தாளில் இடம் மிச்சமிருந்ததால் எழுதியது போலக் கடைசியில் ஒரு விஷயம் எழுதியிருக்கிறாய். ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிற வீடியோ கேம் கடைக்குப் போகிறாயாம். அங்கே ஒரு பெட்டியில் ஸ்டீரிங், கியர், காலால் மிதிக்கிற கட்டை எல்லாம் வைத்திருக்கிறார்களாம். காசு போட்டால் கண்ணாடியில் ஒரு லோரி வருமாம், அதைக் காடு, சேறு, மலை என்று ஓட்டிக்கொண்டு போக வேண்டுமாம். முதல் மலையைத் தாண்டிவிடுகிறேன், இரண்டாவது இறக்கத்தில் ஒவ்வொரு தடவையும் சறுக்கிக் கவிழ்ந்துவிடுகிறது என்று எழுதியிருக்கிறாய். நான் படித்துவிட்டுச் சிரித்தேன். எதற்குச் சிரிக்கிறாய் என்று உன் அப்பா கேட்டார். இனி ஸ்டீரிங் இருக்கிற திசையில் தலைவைத்துக்கூடப் படுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போன பிள்ளை, இப்போது கைக்காசு கொடுத்து லோரி ஓட்டுகிறான் என்றேன். அவர் சிரிக்கவில்லை. கடிதத்தை வாங்கி அந்த இடத்தை மட்டும் இன்னொரு தடவை படித்தார்.

இங்கே நடப்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த மாதக் கடைசியோடு ராமையா மாமா வேலையை விட்டு நிற்கிறார். கண் மங்கிவிட்டது, பனியில் வளைவு தெரியவில்லை என்று அவரே தோட்டத்துத் துரையிடம் போய்ச் சொல்லிவிட்டார். இத்தனை வருஷமாக அவர் ஓட்டிய தேயிலைக் கொழுந்து லோரிக்கு ஆள் வேண்டும். சேகரன் வந்தால் அவனுக்கு, வராவிட்டால் வெளியிலிருந்து ஆள் எடுப்பேன் என்று துரை கங்காணியிடம் சொல்லி அனுப்பினார். நான் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. என் மகனுக்கு வாய் இருக்கிறது, அவனையே கேட்டுச் சொல்கிறேன் என்றேன். ஆகவே நீ பதில் எழுதியாக வேண்டும். ஆனால் அதற்கு அவசரமில்லை. முதலில் உன் இரண்டாவது இறக்கத்தைப் பார்ப்போம்.

அம்மாவுக்கு லோரியைப் பற்றி என்ன தெரியும் என்று நினைக்காதே. நான் ஸ்டீரிங்கைத் தொட்டதில்லை, உண்மைதான். ஆனால் கூடையோடு லோரியின் பின்னால் நின்றபடி இந்த மலையை ஏறி இறங்கிய வருஷங்கள் உன் வயசைவிட அதிகம். முன்னால் உட்கார்ந்திருப்பவனுக்கு ரோடு கண்ணில் தெரியும். பின்னால் நிற்கிறவளுக்கு அது காலில் தெரியும். டிரைவர் ராத்திரி தூங்கினானா, வீட்டில் பெண்டாட்டியோடு சண்டை போட்டுவிட்டு வந்தானா என்பதெல்லாம் இரண்டு வளைவு தாண்டுவதற்குள் எங்களுக்குத் தெரிந்துவிடும். எத்தனையோ டிரைவர்களைக் கால் வழியாகவே படித்திருக்கிறோம். அந்தப் படிப்பிலிருந்துதான் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

நீ பெட்டியில் என்ன செய்கிறாய் என்று பார்க்காமலே சொல்வேன். முதல் மலை ஏறிவிட்ட சந்தோஷத்தில் அதே வேகத்தோடு லோரியின் மூக்கைக் கீழே விடுகிறாய். பாதியில் வேகம் கூடுகிறது. பயம் வருகிறது. பிரேக்கை மிதிக்கிறாய். அவ்வளவுதான், முடிந்தது கதை. ராமையா மாமா என்ன செய்வார் தெரியுமா? உச்சியிலேயே ஒரு நிமிஷம் நிறுத்தி, கியரைக் குறைத்துவிட்டுத்தான் கீழே இறங்க ஆரம்பிப்பார். எந்தக் கியரில் ஏறினோமோ அந்தக் கியரில்தான் இறங்க வேண்டும் என்பது அவர் கணக்கு. என்ஜின் முனகிக்கொண்டே லோரியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக்கை லேசாகத் தொட்டுத் தொட்டு விட்டால் போதும். சேற்றில் சக்கரத்தைப் பூட்டிவிட்டால் லோரி நின்றுவிடாது, அதுபாட்டுக்கு வழுக்கிக்கொண்டு போகும். அந்த நேரத்தில் ஸ்டீரிங்கை எந்தப் பக்கம் ஒடித்தாலும் அது காது கொடுக்காது. சுற்றுகிற சக்கரம்தான் சொன்ன பேச்சைக் கேட்கும்.

இன்னொன்று. முதல் காசை ஜெயிப்பதற்காகப் போடாதே, ரோட்டைப் பார்ப்பதற்காகப் போடு. எங்கே சேறு, எங்கே கல், எந்த வளைவு திடீரென்று மடங்குகிறது என்று பார்த்து வைத்துக்கொள். கவிழ்ந்தால் கவிழட்டும். பெட்டிக்குள் இறங்கி நடந்து பார்க்க முடியாது அல்லவா, அதற்குப் பதிலாக இது. நம் மாமா மழை பெய்த மறுநாள் சந்தேகம் வந்த இடத்தில் எல்லாம் இறங்கிவிடுவார். ரப்பர் பூட்ஸோடு முன்னால் நடந்து, குதிகாலால் மண்ணை அழுத்திப் பார்ப்பார். மேலே நாங்கள் கத்துவோம். சாக்கில் அடைத்த கொழுந்து நேரமானால் சூடேறிக் கருகிப்போகும், ஃபேக்டரியில் எடை எழுதுகிற கிராணி எங்களைத்தான் ஏசுவார். மாமா திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். கால் கணுக்கால்வரை இறங்கினால் அந்த வழியில் லோரியை விட மாட்டார், அவ்வளவுதான். அவரை எத்தனை நாள் திட்டியிருப்போம் என்பதற்குக் கணக்கே இல்லை. ஆனால் அவர் வண்டியில் ஏறும்போது யாரும் சாமியைக் கூப்பிட்டதில்லை.

சேற்றில் மாட்டிக்கொண்டால் ஆக்சிலேட்டரை மிதிக்காதே என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, அதைத்தான் எங்கள் எல்லோர் மேலும் பூசியே படித்துவிட்டாய். லைசென்ஸ் எடுத்த புதிதில், மாமாவுக்குக் காய்ச்சல் என்று உன்னை அனுப்பினார்களே, அந்த நாள். நாற்று வளர்க்கிற நர்சரிக்கு மேலே உள்ள திருப்பத்தில் பின் சக்கரம் புதைந்துவிட்டது. நாங்கள் இறங்கி வரிசையாக நின்று தள்ளினோம். நீ உள்ளே உட்கார்ந்துகொண்டு ஒரே மிதியாக மிதித்தாய். சக்கரம் இருந்த இடத்திலேயே சுற்றி, இருந்த சேற்றை எல்லாம் எங்கள் மேல் வாரி அடித்தது. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மேற்பார்வை பார்க்க வந்த கங்காணிக்கு மூக்கும் வாயும் இருந்த இடம் தெரியவில்லை. முனியம்மா அத்தைதான் முதலில் பேசினாள். "டேய் சேகரு, தள்ளலாம்னு வந்தா எங்களையே நட்டுட்டுப் போயிடுவ போலிருக்கே லா," என்றாள். கங்காணிகூடச் சிரித்துவிட்டார். அதற்குப் பிறகுதான் கவாத்து வெட்டிப் போட்டிருந்த தேயிலைக் குச்சிகளை அள்ளிக்கொண்டு வந்து சக்கரத்துக்கு அடியில் திணித்தோம். கொழுந்துச் சாக்குகளை இறக்கினோம். நீ மெதுவாக, பூப்போல மிதித்தாய். லோரி தானாக மேலே ஏறி வந்தது.

ஏற்றத்தில் பின் சக்கரம் வழுக்கினால் எங்களைப் பின்பக்கமாக வந்து நிற்கச் சொல், பாரம் சக்கரத்தின் மேல் உட்கார்ந்தால் பிடி கிடைக்கும். வெட்கப்படாமல் சொல், நாங்கள் கிண்டல் பண்ணுவோம்தான், ஆனால் நகருவோம். எப்போதும் மலைப்பக்கமாகவே ஒட்டி ஓட்டு. பள்ளத்துப் பக்கம் அகலமாகத் தெரியும், ஆனால் அது வெட்டிப் போட்ட மண், மழையில் உள்ளுக்குள்ளேயே அரித்துப்போயிருக்கும். பனி இறங்கினால் எதிரே வண்டி வராது என்று நீயாக முடிவு செய்யாதே, ஹாரன் அடித்துவிட்டுத் திரும்பு. கோலா தெர்லா பக்கத்துக் காய்கறி லோரிக்காரர்களுக்கு எப்போதுமே தலைபோகிற அவசரம். இதெல்லாம் பெட்டிக்குள் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. இருந்தால் உபயோகப்படுத்திக்கொள்.

ராமையா மாமா தப்பே செய்யாதவர் என்று நினைத்துக்கொள்ளாதே. நீ கைப்பிள்ளையாக இருந்தபோது ஒரு ஆயுத பூஜைக்கு லோரியை அப்படி ஜோடித்தார். முன்னால் இரண்டு வாழைக்கன்று, நடுவில் மாவிலைத் தோரணம், அதற்கு மேல் சாமந்தி மாலை அடுக்கடுக்காக. கண்ணுக்கு நிறைவாக இருந்தது. அதே அலங்காரத்தோடு மறுநாள் கொழுந்து ஏற்றிக்கொண்டு ஃபேக்டரி மேட்டில் ஏறினார். ரேடியேட்டருக்குக் காற்றுப் போக ஓர் ஓட்டைகூட இல்லை. பாதி மேட்டில் புகை புகையாக ஆவி கிளம்பியது. வாழை இலைக்கு நடுவிலிருந்து ஆவி வருவதைப் பார்த்து, எங்களில் இரண்டு பேர் சாமி வந்துவிட்டது என்று கையெடுத்துக் கும்பிட்டார்கள். மாமா தலையில் கைவைத்துக்கொண்டு ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டார். பிறகு வாழைக்கன்றுகளை அவரே அவிழ்த்து எங்களிடம் கொடுத்தார். அவையும் எங்களோடு பின்னால் நின்றுகொண்டு ஃபேக்டரிக்கு வந்தன. மறுநாள் காலையில் அவர் அதே லோரியை ஓட்டிக்கொண்டு வந்தார். ஏசியவர்கள் ஏசினோம், ஏறியும் கொண்டோம்.

நீ அப்படி மறுநாள் வரவில்லை. அதுதான் இத்தனை நாளாக என் நெஞ்சில் உறுத்திக்கொண்டிருக்கிறது. தீபாவளிக்கு முன்னால் அடைமழை பெய்த அந்த வாரம் என்னை நர்சரி வேலைக்குப் போட்டிருந்தார்கள், அதனால் அன்றைக்கு நான் உன் லோரியில் இல்லை. பிறகு கேள்விப்பட்டதுதான். இறக்கத்தில் நீ பிரேக் போட்டாய், லோரியின் வால் பள்ளத்துப் பக்கம் திரும்பியது, பின் சக்கரம் ஒன்று ரோட்டைவிட்டு இறங்கிவிட்டது, தேயிலைச் செடிகள்தான் தாங்கிப் பிடித்தன. பின்னால் நின்றவர்கள் ஒருவர் மேல் ஒருவராகச் சரிந்தார்கள். எல்லோருக்கும் அடியில் முனியம்மா அத்தை. அவள் கை முறிந்தது. தானா ராத்தா ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டு அனுப்பினார்கள். அத்தை நமக்குச் சொந்தமில்லைதான், ஆனால் நீ தவழ்ந்த காலத்தில் உன்னை அதிகம் தூக்கி வைத்திருந்தது நானா அவளா என்று கேட்டால் என்னால் சொல்ல முடியாது. விசாரித்தபோது, என் தப்புதான், நான்தான் பிரேக் போட்டேன் என்று மட்டும் துரையிடம் சொன்னாயாம். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லையாம். வீட்டுக்கு வந்தும் பேசவில்லை. அந்த வாரமே மலையிறங்கும் தாப்பா பஸ்ஸில் ஏறிவிட்டாய். அத்தையைப் போய்ப் பார்க்கக்கூட உனக்குத் தைரியம் வரவில்லை.

இப்போது அந்தப் பெட்டியில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். அதில் ஓடுகிற லோரிக்குப் பின்னால் யாரும் நிற்பதில்லை. நம் லோரியில் நிற்கிறோம். முன்னால் இருப்பவனுக்கு எங்கள் குரல் கேட்காது, அதனால் கூரைத் தகரத்தைத் தட்டுவோம். ஒரு தட்டு என்றால் நிறுத்து. இரண்டு தட்டு என்றால் போ. யாருக்காவது தலைசுற்றினாலும், கூடை விழுந்தாலும், ஒதுங்க வேண்டியிருந்தாலும் ஒரு தட்டு. எந்த டிரைவராக இருந்தாலும் தட்டினால் நிற்க வேண்டும், அது எழுதாத சட்டம். நீ குழந்தையிலிருந்து எங்கள் இடுப்பில் உட்கார்ந்து அந்தத் தகரத்தைத் தட்டி வளர்ந்தவன். அந்தச் சத்தம் கேட்டால் உன் மூளை யோசிப்பதற்கு முன்னால் கால் யோசித்துவிடும்.

அத்தை கட்டு அவிழ்த்த அன்றைக்கு வீட்டுக்குக்கூட வரவில்லை, ஆஸ்பத்திரியிலிருந்து நேரே ஆபீசுக்குப் போயிருக்கிறாள். துரையைப் பார்க்க வேண்டும் என்று ஆபீஸ் கிராணியிடம் சண்டை போட்டு உள்ளே போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகுதான் என்னிடம் வந்தாள். வாசலில் நின்றபடியே சொன்னாள்.

"நாந்தான்டி தட்டினேன். எறக்கத்துல வண்டி வேகமா போற மாதிரி இருந்துச்சு, பயந்துட்டேன். ஒரு தட்டு தட்டினேன், அவன் நிறுத்தினான். தட்டினா நிறுத்தணும்னு நாமதானே அவனுக்குச் சொல்லிக் குடுத்தோம். அந்தப் புள்ள என் பேரை ஒரு எடத்துலயும் சொல்லல. நான் கட்டுப் போட்டுக்கிட்டு எல்லார்கிட்டயும் பாவம்னு பேர் வாங்கிட்டேன், அவன் ஊரை விட்டுப் போயிட்டான்."

சேகரா, எனக்கு உன்மேல் கோபம் வந்தது. என்னிடம்கூடச் சொல்லாமல் இதை விழுங்கிக்கொண்டு போயிருக்கிறாயே என்று. மறுநாள் யோசித்துப் பார்த்தபோது கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. கை முறிந்து கிடக்கிறவளைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று நினைத்த பிள்ளையைத்தான் நான் பெற்றிருக்கிறேன். அதை நினைத்து அழுதேன். சந்தோஷமாகத்தான் அழுதேன். உன் அப்பா ஃபேக்டரிக்குப் புறப்படும்போது, எழுது அவனுக்கு, எல்லாவற்றையும் எழுது என்றார். துரை உன்னைத் திரும்பக் கூப்பிடுவதும் ராமையா மாமா நிற்பதால் மட்டுமில்லை, அத்தை போய்ச் சொன்னதால்தான்.

அதற்காக உன்மேல் தப்பே இல்லை என்று சொல்ல மாட்டேன். அப்படிச் சொன்னால் நீ நம்பவும் மாட்டாய். அவள் தட்டினாள், சரி. மிதித்தது நீ. தட்டுவது பின்னால் நிற்கிறவளின் வேலை, ஏனென்றால் அவளுக்குத் தெரிந்தது பயம் மட்டும்தான். எங்கே நிறுத்தலாம் என்று பார்ப்பது உன் வேலை. தட்டுச் சத்தம் கேட்டதும், கேட்டேன் என்பதற்கு ஒரு ஹாரன் அடி. கேட்டுவிட்டான் என்று தெரிந்தால் எங்களுக்குப் பாதிப் பயம் போய்விடும். பிறகு மெதுவாகக் கொண்டுபோய்ச் சமமான இடத்தில், மலைப்பக்கம் ஒட்டி நிறுத்து. இதை அன்றைக்கு உனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ராமையா மாமாவிடம் கேட்டேன், தான் இருபது வருஷமாக அப்படித்தான் செய்வதாகவும், சொல்லித்தர வேண்டிய விஷயம் என்றே தோன்றவில்லை என்றும் சொல்லி வருத்தப்பட்டார்.

கடைசியாக வேலை விஷயம். ஈப்போ உனக்குப் பிடித்துப்போயிருந்தால், கடை வேலையில் மேலே வரலாம் என்று தோன்றினால், அங்கேயே இரு. அதில் ஒரு குறைச்சலும் இல்லை. வரவில்லை என்று இரண்டு வரி எழுது, நான் துரையிடம் சொல்லிவிடுகிறேன், உன்மேல் எனக்கு மனஸ்தாபம் இருக்காது. அப்பாவும் நானும் பொங்கலுக்கு அங்கே வந்து உன்னைப் பார்ப்போம். லோரி ஓட்டினால்தான் நீ என் பிள்ளையா? ஆனால் லோரி பிடிக்காதவன் ஞாயிற்றுக்கிழமை கிடைத்த கொஞ்ச நேரத்தில் அந்தப் பெட்டிக்கு முன்னால் போய் உட்கார மாட்டான். அதே இறக்கத்தில் விழுந்து விழுந்து மறுபடி காசு போட மாட்டான். நீ அங்கே விளையாடுவதாக எனக்குத் தோன்றவில்லை. பயமாக இருக்கிறது என்றால், இருக்கட்டும். பயமில்லாத டிரைவருக்குப் பின்னால் நிற்க எங்களில் ஒருத்திக்கும் ஆசையில்லை. ஆனால் அத்தையின் முகத்தில் எப்படி முழிப்பது என்று நினைத்துத்தான் வராமல் இருக்கிறாய் என்றால், இதற்குக் கீழே எழுதியிருப்பதைப் படி.

அவள் இப்போது என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள். எழுதியதை எல்லாம் படித்துக் காட்டினேன். வாழைக்கன்று கதையில் தன் பெயரைக் காணோமே, கும்பிட்ட இரண்டு பேரில் தானும் ஒருத்திதானே என்று குறைபட்டுக்கொண்டாள். வேறு என்ன எழுதட்டும் என்று கேட்டேன். தன் வெறுங்கையைத் தடவிக்கொண்டாள். மாவுக்கட்டுப் போடும்போது கை வீங்கிக் கிடந்ததால், அந்தக் கையிலிருந்த வளையல்களை ஆஸ்பத்திரியில் உடைத்து எடுத்துவிட்டார்கள். கட்டு அவிழ்த்து இத்தனை நாளாகியும் அவள் புது வளையல் போடவில்லை. புருஷன் குத்துக்கல் போல இருக்கும்போது வெறுங்கையோடு திரிகிறாளே என்று லயத்து வரிசைவீடுகளில் இருக்கிற பெண்கள் ஏசிப் பார்த்தார்கள். டவுனில் வாங்கித் தருகிறேன் என்று நானும் சொல்லிப் பார்த்தேன். எதற்கும் மசியாதவள், இப்போதுதான் வளையல் பேச்சை எடுத்தாள்.

"ஈப்போவுல நல்ல வளையல் கெடைக்கும்னு எழுது. பச்சைக் கலர். தபால்ல அனுப்ப வேணாம், ஒடஞ்சிடும். அவனே கையில எடுத்துக்கிட்டு வரட்டும். அதுவரைக்கும் இந்தக் கை இப்படியே இருக்கட்டும்."

உன் அம்மா